மனை விக்க கட்டுன மாளிகை: ஹோட்டல் டெல் கொரொனாடோ, ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஹோட்டல் போட்டோவ நீங்க எங்கயாவது கண்டிப்பா பாத்திருப்பீங்க. வெள்ளை அடிச்ச மரச்சுவர், செவப்புக் கூரை, கடல் பக்கத்து மூலைல கூம்பு வச்ச பெரிய வட்டக் கோபுரம், அதுக்கு முன்னாடி பசிபிக் கடல். கலிபோர்னியாவுல சான் டியேகோ நகரத்துக்கு எதிர்க்கரைல, கொரொனாடோங்கிற எடத்துல இருக்கு. 1888ல தொறந்தாங்க, இன்னிக்கும் அதே எடத்துல அதே ஹோட்டல் வேலைய பாத்துக்கிட்டு இருக்கு.

இத பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் எந்த பிரசிடெண்ட் வந்து தங்குனாரு, எந்த நடிகை வந்தாங்க, எந்த ரூம்ல பேய் நடமாடுதுன்னுதான் ஆரம்பிப்பாங்க. எனக்கு அதுல பெருசா ஆர்வம் இல்ல (பேய் கதைக்கு கடைசில ஒரு பாரா ஒதுக்குறேன், கவலப்படாதீங்க). நான் தேடுனது வேற. சுமார் 11 மாசத்துல, மர வேலையே தெரியாத ஆளுங்கள வச்சு, பிளானையும் போற போக்குல மாத்தி மாத்தி போட்டு, முழுக்க முழுக்க மரத்துல கட்டுன ஒரு பிரம்மாண்டம், அது தொறக்குற நேரத்துல ஊரே நொடிஞ்சு போயும் எப்படி 130 வருஷத்துக்கு மேல நிக்குது? அதே காலத்துல அதே கலிபோர்னியா கரைல கட்டுன மத்த பெரிய ஹோட்டல் எல்லாம் எரிஞ்சு போச்சு, இல்லன்னா இடிச்சுட்டாங்க. இது மட்டும் ஏன் தப்பிச்சுது?

தேடத் தேட எனக்கு புரிஞ்சது என்னன்னா, இந்தக் கட்டடத்துல நாம அழகுன்னு ரசிக்கிறதுல பாதி, அங்க ஏதோ ஒண்ணு இல்லாததால பண்ண சமாளிப்பு. அப்புறம் ஹோட்டல் கதைன்னு நெனச்சு உள்ள போனா அது நிலத்தோட கதையா இருக்கு, ஆரம்பத்துல இருந்து 2016 வரைக்கும்.

மொதல்ல நிலம்

எலிஷா பாப்காக்னு ஒருத்தர், இண்டியானா மாநிலத்துல எவன்ஸ்வில் ஊருக்காரர், ரயில்வே கம்பெனில பெரிய பொறுப்புல இருந்தவர். ஹாம்ப்டன் ஸ்டோரின்னு இன்னொருத்தர், சிகாகோவுல பியானோ செய்யுற ஸ்டோரி அண்ட் கிளார்க் கம்பெனியோட பங்காளி. ரெண்டு பேரும் 1880கள் நடுவுல சான் டியேகோ பக்கம் வந்தவங்க, வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருந்த புதர்க்காட்டுல முயல் வேட்டைக்குப் போவாங்க. முயல், காடை தவிர அங்க ஒண்ணும் கெடையாது. கொரொனாடோவ தீவுன்னு சொன்னாலும் அது தீவு இல்ல, சில்வர் ஸ்ட்ராண்ட்னு ஒரு ஒல்லியான மணல் திட்டு அத தெக்குப் பக்கமா தரையோட சேத்துப் பிடிச்சிருக்கு.

1885ல இவங்க இன்னும் சில பேர சேத்துக்கிட்டு கொரொனாடோவையும் அத ஒட்டி வடக்கால இருந்த நார்த் ஐலண்டையும் மொத்தமா 1,10,000 டாலருக்கு வாங்குனாங்க. இந்த நார்த் ஐலண்ட ஞாபகம் வச்சுக்கங்க, கதைல திரும்பத் திரும்ப வரும். கொரொனாடோ பீச் கம்பெனின்னு ஒண்ணு ஆரம்பிச்சு, மனை பிரிச்சு, 1886 நவம்பர் 13 அன்னிக்கு ஏலம் விட்டாங்க. மொத மனை 1,600 டாலருக்கு போச்சு. முயல் ஓடுன மண்ணு!

இந்த விலைக்கு காரணம் ரயில். 1885 கடைசில சான் டியேகோவுக்கு சாண்டா ஃபே ரயில் வந்து சேந்துடுச்சு, அதுவரைக்கும் தெற்கு கலிபோர்னியா சதர்ன் பசிபிக் கம்பெனி கைல இருந்துச்சு. ரெண்டு கம்பெனியும் கட்டணத்துல அடிச்சுக்க ஆரம்பிச்சு, 1887 மார்ச்சுல ஒரு நாள் மிசௌரி ஆத்துப் பக்கம் இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வர்றதுக்கு டிக்கெட் 1 டாலர்ங்கிற அளவுக்கு போச்சு. 1880 சென்சஸ்ல சான் டியேகோ ஜனத்தொகை 2,637. 1887ல அது நாப்பதாயிரம் பக்கம் போயிருக்கும்னு சொல்றாங்க. வந்தவன் எல்லாம் மனை வாங்குறான், வாங்குனத அடுத்த வாரம் விக்கிறான்.

சரி, மனை விக்கிறதுக்கு ஹோட்டல் எதுக்கு? ஒண்ணுமில்லாத மணல்காட்டுல வீடு கட்ட வாங்கன்னு சொன்னா எவன் வருவான். குளுருல நடுங்குற கிழக்குப் பக்கத்து பணக்காரன கூட்டிட்டு வந்து, கடல பாத்த ரூம்ல ஒரு மாசம் உக்கார வச்சா, கெளம்பும்போது அவனே பக்கத்துல ஒரு மனைய கேப்பான். அந்த ஹோட்டல் ஒரு தூண்டில் புழு, தெளிவா சொல்லணும்னா அதுதான். மனை வித்த காசு ஹோட்டலுக்கு, ஹோட்டல் பேரு மனைக்கு. இந்த சக்கரம் சுத்துற வரைக்கும்தான் ரெண்டும் ஓடும்.

ஆர்க்கிடெக்டுக்கு குடுத்த வேலை

பாப்காக் தன்னோட இண்டியானா பழக்கத்துல ஜேம்ஸ் ரீட்ங்கிறவர கூப்பிட்டாரு. கனடாவுல நியூ பிரன்ஸ்விக்ல பொறந்தவர், தம்பிங்களோட சேந்து எவன்ஸ்வில்ல ரீட் பிரதர்ஸ்னு தொழில் பண்ணிட்டு இருந்தாரு. பாப்காக் அவர்கிட்ட சொன்னது ஒரு கனவு மாதிரி இருக்கும்: நடுவுல வெப்பமண்டல மரம் செடி வச்ச முற்றம், சுத்தி ரூம்கள், வளைகுடா பக்கம் உக்காரவும் நடக்கவும் வராண்டா, கடல் மூலைல ஒரு கோபுர மண்டபம், சாப்பாட்டுக் கூடம் மட்டும் கட்டடத்துல இருந்து ஒரு கோணத்துல வெளிய நீட்டி, கிட்டத்தட்ட தனியா நிக்கணும், அப்பதான் கடலும் வளைகுடாவும் ஊரும் ஒண்ணா தெரியும்னு.

சாப்பாட்டுக் கூடத்த தனியா நீட்டுனது வியூவுக்காகத்தான், ஆனா சமையல் அடுப்பு தூங்குற ரூம்ல இருந்து தள்ளிப் போனதும் ஒரு நல்ல காரியம்னு எனக்கு தோணுது. தீ பத்தி கீழ வருவோம்.

ஸ்டைல் பேரு குயீன் ஆன். அந்தக் காலத்து அமெரிக்காவுல வசதியானவங்க வீட்டுக்கு அதுதான் ஃபேஷன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்னு கட்டாயம் இல்ல. இங்க ஒரு கூம்பு, அங்க ஒரு முக்கோண முகப்பு, நடுவுல ஒரு பால்கனி, சுத்தி வராண்டா, கூரைல மரச்சில்லு, அப்படி சேத்துக்கிட்டே போகலாம். ஒரு வீட்டுக்கு இது கொஞ்சம் அலட்டலா கூட தெரியும். ஆனா 399 ரூம் இருக்குற கட்டடத்துக்கு இந்த ஸ்டைல் ரொம்ப பொருந்துது, ஏன்னா நீளமான சுவர் எல்லாம் உடைஞ்சு உடைஞ்சு போறதால ஒரு ராணுவ பாரக் மாதிரி தெரியாம ஒரு சின்ன ஊரு மாதிரி தெரியுது.

முற்றம் வச்சதுலதான் இந்தக் கட்டடத்தோட புத்திசாலித்தனமே இருக்கு. இவ்வளவு ரூம ஒரே கட்டையா அடுக்குனா நடுவுல இருக்குற ரூமுக்கு வெளிச்சமும் கெடையாது காத்தும் கெடையாது, ஏசி இல்லாத காலம் வேற. சதுரமா சுத்திக் கட்டி நடுவுல வானத்த தொறந்து விட்டா, வெளிப்பக்கம் பாத்த ரூமுக்கு கடல் காத்து, உள்பக்கம் பாத்த ரூமுக்கு தோட்டம். முற்றத்த ஒட்டி ஓடுற மாடி வராண்டாவே நடைபாதையா ஆயிடுது.

ஆள் இல்லாத ஊர்ல கட்டுறது

இதுதான் இந்தக் கதைல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

1887 மார்ச்சுல வேலை ஆரம்பம். ஊரு முழுக்க ஒரே சமயத்துல எல்லாரும் கட்டிட்டு இருக்காங்க, தச்சனும் கெடைக்கல, கொத்தனும் கெடைக்கல, மரமும் கெடைக்கல. ரீட் பண்ணது மூணு காரியம்.

மரத்துக்கு, வடக்கு கலிபோர்னியாவுல யுரேகா ஊர்ல இருந்த டால்பியர் அண்ட் கார்சன் மரக் கம்பெனியோட மொத்த உற்பத்தியையும் தங்களுக்கே தரணும்னு ஒப்பந்தம் போட்டாங்க. அறுக்காத மரமா வந்து எறங்கும், அத இழைச்சு பலகையாக்க ஹோட்டல் கட்டுற எடத்துலயே மில் வச்சாங்க. செங்கல் சூளை அங்கயே, இரும்புப் பட்டறை அங்கயே, உலோக வேலைக்கு ஷெட் அங்கயே. அதாவது ஹோட்டல் கட்டுறதுக்கு முன்னாடி ஹோட்டல் கட்டுற ஃபாக்டரிய கட்டுனாங்க.

ஆளுக்கு, சான் பிரான்சிஸ்கோ, ஓக்லண்ட் பக்கம் இருந்து சீனத் தொழிலாளிங்கள பெருமளவுல கூட்டிட்டு வந்தாங்க. இதுல ஒரு விஷயத்த யாரும் பெருசா பேசுறதில்ல. 1882லதான் அமெரிக்கா சீனத் தொழிலாளிங்க உள்ள வரக்கூடாதுன்னு சட்டமே போட்டுச்சு. சட்டம் வந்து அஞ்சு வருஷத்துல, ஏற்கனவே உள்ள இருந்த அதே சீனங்கள வச்சுதான் இந்த அமெரிக்கக் கனவு மாளிகைய எழுப்புனாங்க. தங்கிட்டுப் போனவன் பேரெல்லாம் பட்டியல் பட்டியலா சுவத்துல தொங்குது, கட்டுனவன் பேர தேடிப் பாருங்க.

மூணாவதுதான் முக்கியம். வந்தவங்கள்ல நெறைய பேருக்கு இந்த மாதிரி மர வேலை பழக்கமில்ல. அதனால ரீட் கட்டடத்தோட வடக்குப் பக்கத்துல ஆரம்பிச்சாரு, ஏன்னா அதுதான் இருக்குறதுலயே எளிமையான பகுதி. நேர் சுவர், ஒரே மாதிரி ரூம், திரும்பத் திரும்ப அதே வேலை. அதுல கை பழகுனதும் மெதுவா அடுத்த பக்கம், அதுக்கு அடுத்த பக்கம்னு போயி, கோபுரம், வளைவு, பெரிய கூடம்னு சிக்கலான கடல் பக்கத்துக்கு வரும்போது அவங்க எல்லாம் தேர்ந்த ஆளுங்களா ஆயிட்டாங்க. சித்திரமும் கைப்பழக்கம்னு சும்மாவா சொன்னாங்க. ஒரு பக்கம் எளிமை ஒரு பக்கம் ஆடம்பரம்னு இருக்குறது குயீன் ஆன் ஸ்டைலுக்கு உறுத்தவே உறுத்தாது, அதான் இதுல அழகு. பல்லவன் கோபுரம் மாதிரி நாலு பக்கமும் ஒரே கணக்கா இருக்கணும்னா இந்த தந்திரம் செல்லாது.

இந்த பழக்கத்தோட உச்சம் கிரௌன் ரூம், அந்த நீட்டி வச்ச சாப்பாட்டுக் கூடம். சுமார் 160 அடி நீளம், 60 அடி அகலம், மேல 33 அடி ஒசரம், நடுவுல ஒரு தூண் கெடையாது. கவுத்துப் போட்ட படகு மாதிரி வளைஞ்ச சீலிங், சுகர் பைன் மரம், மர முளையும் பசையும் வச்சு பொருத்துனது, ஒரு ஆணி கூட இல்லன்னு பெருமையா சொல்லுவாங்க. ஆணி இல்லாதது கீழ இருந்து நமக்கு தெரியுற பலகைக்குத்தான்னு புரிஞ்சுக்கணும், 60 அடிய தூண் இல்லாம தாண்டணும்னா அதுக்கு மேல கண்ணுக்குத் தெரியாம பெரிய சட்டகம் வேல பாக்கணும். இருந்தாலும் எட்டு பத்து மாசத்துக்கு முன்னாடி நேர் சுவர் அடிக்கக் கத்துக்கிட்ட கைங்க இத பொருத்தியிருக்குன்னா... என்னத்த சொல்றது.

தீ, தண்ணி, கரண்ட்

ஒரு தேதிய பாருங்க. 1887 மார்ச்சுல கொரொனாடோவுல வேலை ஆரம்பிக்குது. 1887 ஏப்ரல் 1 அன்னிக்கு மான்டெரேல இருந்த ஹோட்டல் டெல் மான்டே எரிஞ்சு போகுது. அது சதர்ன் பசிபிக் ரயில்வே ஆளுங்க 1880ல கட்டுனது, கலிபோர்னியாவோட கடற்கரை ரிசார்ட்டுன்னா அப்ப அதுதான். அதுவும் மரம். இங்க அஸ்திவாரம் போட்டுட்டு இருக்குறவனுக்கு அந்த சேதி எப்படி இருந்திருக்கும்?

மர ஹோட்டல் ஏன் அவ்வளவு சீக்கிரம் எரியுதுன்னா, மரம் எரியுங்கிறது மட்டும் காரணம் இல்ல. சுவரோட மரச் சட்டகத்துக்கு ரெண்டு பக்கமும் பலகை அடிச்சா நடுவுல வெத்தெடம் இருக்கும், தரை தளத்துல இருந்து கூரை வரைக்கும் அது தடையில்லாம ஓடுச்சுன்னா புகைபோக்கி வேலைய செய்யும். கீழ ஒரு மூலைல பத்துனது சுவருக்குள்ளயே ஏறி மேல போயிடும், வெளிய தெரியும்போது கூரை எரிஞ்சுட்டு இருக்கும். நீள நீளமான தாழ்வாரம் அத பக்கவாட்டுல இழுத்துட்டு போகும். மேல இருந்து கீழ எறங்குறதுக்குள்ள முடிஞ்சுது.

கொரொனாடோவுல என்ன பண்ணாங்கன்னா, மொதல்ல தண்ணி. அங்க சொந்தமா நல்ல தண்ணி கெடையாது, அதனால வளைகுடா அடியில குழாய் போட்டு நன்னீர கொண்டு வந்தாங்க. கட்டடத்துக்கு அடியில ஒரு அடி தடிமன் காங்கிரீட் சுவர் வச்சு பெரிய தண்ணித் தொட்டிங்க கட்டுனாங்க. மேல டேங்க் வச்சு, பம்ப் நின்னாலும் தானா எறங்குற மாதிரி ஸ்பிரிங்க்ளர் போட்டாங்க. அந்தத் தொட்டிங்க பின்னாடி 1920கள்ல மதுவிலக்கு காலத்துல சரக்கு ஒளிச்சு வைக்க உதவுச்சுன்னு ஒரு கதை உண்டு, கதைதான்.

அடுத்தது வெளிச்சம். ஒவ்வொரு ரூம்லயும் மண்ணெண்ணெ விளக்கோ கேஸ் விளக்கோ எரியுற மர ஹோட்டல்னா தினமும் நெருப்போட வெளையாட்டு. அதனால எலக்ட்ரிக் லைட். சிகாகோவுல இருந்த மேதர் எலக்ட்ரிக் கம்பெனி போட்டுக் குடுத்தது. ஆனா கரண்ட அப்ப யாரு நம்புனா? ஒயர கேஸ் குழாய்க்குள்ள விட்டு இழுத்திருக்காங்க. இந்த புது சமாச்சாரம் காலை வாரி விட்டுச்சுன்னா ஒயர உருவிட்டு அதே குழாய்ல கேஸ் விட்டுக்கலாம்னு. எனக்கு இத படிச்சப்ப சிரிப்பும் வந்துச்சு மரியாதையும் வந்துச்சு. இப்ப நாம ஒயர பைப்புக்குள்ளதான் விடுறோம், பாதுகாப்புக்காக. அங்க பயத்துல பண்ணது தற்செயலா சரியாப் போச்சு.

இதுல ரெண்டு பொய்ய கழிச்சுடலாம். தாமஸ் எடிசனே வந்து ஸ்விட்ச போட்டாருன்னு சொல்லுவாங்க, அவர் அந்தப் பக்கம் வந்தது அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சு, 1915ல. அப்புறம் உலகத்துலயே கரண்ட் வச்ச மொத ஹோட்டல்னு சொல்லுவாங்க, அதுவும் இல்ல. நியூயார்க் மாநிலத்துல புளூ மவுண்டன் ஏரிக்கரைல இருந்த ப்ராஸ்பெக்ட் ஹவுஸ்ல 1882லயே பெட்ரூம் எல்லாத்துலயும் எலக்ட்ரிக் லைட் இருந்துச்சு. ஹோட்டல்காரங்க 'உலகத்துலயே முதல்'னு எழுதுனா ஒரு சிட்டிகை உப்போட சாப்பிடணும்னு இல்ல, தட்டையே தள்ளி வைக்கலாம்.

லாபில ஓட்டிஸ் கம்பெனியோட கூண்டு லிஃப்ட் ஒண்ணு இருக்கு, பறவைக்கூண்டு மாதிரி வெளிய எல்லாம் தெரியும், அது 1888லயே வந்தது.

தொறந்த நேரத்துல ஊரு படுத்துடுச்சு

1888 பிப்ரவரில ஹோட்டல தொறந்தாங்க, வேலை முழுசா முடியல, இருந்தாலும் தொறந்துட்டாங்க. கட்டடத்துக்கு 6 லட்சம் டாலர், சாமான் சட்டுக்கு 4 லட்சம், மொத்தம் 10 லட்சம் டாலர்னு கணக்கு சொல்றாங்க.

அதே நேரத்துல மனை பூம் வெடிச்சுது. வாங்குறதுக்கு ஆள் நின்னதும் விலை நின்னுச்சு, விலை நின்னதும் பேங்க் கைய விரிச்சுது, ஜனங்க மூட்டைய கட்டிட்டு கெளம்புனாங்க. 1890 சென்சஸ்ல சான் டியேகோ ஜனத்தொகை சுமார் 16,000. நாப்பதாயிரம் பேர் இருந்ததா சொன்ன ஊரு. மனைய விக்கத்தான் ஹோட்டல், ஹோட்டல நடத்தத்தான் மனை, இப்ப ரெண்டுல ஒண்ணு செத்துப் போச்சு.

பாப்காக்குக்கு கைமாத்து குடுத்தவங்கள்ல ஒருத்தர் ஜான் ஸ்ப்ரெக்கல்ஸ், சர்க்கரை வியாபாரத்துல பெரும் பணம் பண்ண குடும்பம், ஹவாய் கரும்புத் தோட்டம் வரைக்கும் கை நீளம். ஹோட்டல முடிக்க ஒரு லட்சம் டாலர் கடனா குடுத்தாரு, 1890க்குள்ள பாப்காக் ஸ்டோரி ரெண்டு பேரோட பங்கையும் அவரே வாங்கிட்டாரு. கடன் குடுத்தவன் வீட்டுக்காரன் ஆன பழைய கதைதான். அதுக்கப்புறம் 1948 வரைக்கும் அந்தக் குடும்பத்துக்கிட்டதான் இருந்துச்சு.

என்னோட கணிப்புல இந்த ஹோட்டல் பொழச்சதுக்கு மொத பெரிய காரணம் இவர்தான், ரீட் கூட ரெண்டாவதுதான். ஏன்னா ஸ்ப்ரெக்கல்ஸ் ஹோட்டல தனியா ஒரு கடையா பாக்கல. போகப் போக சான் டியேகோவுல டிராம் அவரோடது, பேப்பர் அவரோடது, குடிதண்ணி திட்டம் அவரோடது, கொரொனாடோவுக்கு போற படகும் அவரோடது. ஹோட்டல்ல ஒரு வருஷம் நஷ்டம்னா படகுல வரும், டிராம்ல வரும். இவ்வளவு ஒருத்தன் கைல இருக்குறது ஒரு ஊருக்கு நல்லதாங்கிறது வேற பஞ்சாயத்து.

1900ல அவர் பண்ண காரியம் டென்ட் சிட்டி. ஹோட்டலுக்கு தெக்கால மணல் திட்டுல வரிசை வரிசையா கூடாரம் போட்டு, பேண்டு வாத்தியம், நீச்சல் குளம், ராட்டினம்னு ஒரு ஏழைங்க ரிசார்ட்ட தொறந்தாரு. சீமான் மாளிகைல, சாமானியன் கூடாரத்துல, ரெண்டு பேரும் வர்றது அவர் படகுலதான். இது 1939 வரைக்கும் நடந்துச்சு.

மத்தவங்க கதி

ஒப்பீடு இல்லாம இந்த ஆய்வுக்கு அர்த்தமில்ல. ஹோட்டல் டெல் மான்டே 1887ல எரிஞ்சுது, திரும்பக் கட்டுனாங்க, 1924ல மறுபடி எரிஞ்சுது. பாசடீனா பக்கத்து ரேமண்ட் ஹோட்டல் 1886ல தொறந்து 1895ல எரிஞ்சுது. சாண்டா மோனிகாவுல ஆர்கேடியா ஹோட்டல் 1887ல வந்தது, 1909ல இடிச்சாச்சு. ரிடோண்டோ ஹோட்டல் 1890ல வந்தது, 1925ல பிரிச்சு மரமா வித்துட்டாங்க. ஃபுளோரிடாவுல பெல்வியூ பில்ட்மோர் 1897ல இருந்து 2009 வரைக்கும் தாக்குப் பிடிச்சுது, அதுவும் பிரம்மாண்டமான மரக்கட்டடம்தான், அதையும் 2015ல ஒரு சின்னத் துண்ட மட்டும் காப்பாத்தி வச்சுட்டு மிச்சத்த இடிச்சாங்க.

பாருங்க, எரிஞ்சதும் இடிச்சதும் கிட்டத்தட்ட சரி பாதி. தீய தடுக்க ரீட்டோட தொட்டியும் குழாயும் போதும், இடிக்கிறத தடுக்க எந்த ஆர்க்கிடெக்டாலயும் முடியாது, அதுக்கு ஓனர் வேணும்.

1948க்கு அப்புறம்

ஸ்ப்ரெக்கல்ஸ் குடும்பம் வித்ததும் கை மாறிக்கிட்டே இருந்துச்சு. 1960ல ஜான் அலெசியோ வாங்கி கொஞ்சம் புதுப்பிச்சாரு. 1963ல லாரி லாரன்ஸ் வாங்குனாரு. அவர் வாங்குனது ஹோட்டல இடிச்சுட்டு கடற்கரை நிலத்துல வேற கட்டத்தான். திரும்பவும் நிலம்! எழுபத்தஞ்சு வருஷம் கழிச்சு தூண்டில் புழுவ தூக்கிப் போட்டுட்டு குளத்த விக்கலாம்னு ஒருத்தர் வர்றாரு. அப்புறம் மனசு மாறி, கிட்டத்தட்ட முப்பது வருஷம் அதையே கட்டிக்கிட்டு அழுதாரு. 15 கோடி டாலர் வரைக்கும் செலவு பண்ணி ரூம் எண்ணிக்கைய ஏறக்குறைய 700 ஆக்குனாரு.

அவர் மனசு ஏன் மாறுச்சுங்கிறதுக்கு ஒரு காரணம் சொல்ல முடியாது, ஆனா 1969 ஆகஸ்ட்டுல சான் டியேகோ கொரொனாடோ பாலம் தொறந்ததும் கணக்கு மாறுச்சுங்கிறது நிச்சயம். அதுவரைக்கும் படகுல வரணும், இல்ல மணல் திட்ட சுத்திக்கிட்டு வரணும். பாலம் வந்ததும் கார்ல நேரா ஹோட்டல் வாசல்.

ஆனா அவர் கடல் ஓரத்துல ஏழு மாடில காங்கிரீட் டவருங்கள பக்கத்துலயே எழுப்புனாரு, 1970கள் பாணி, எந்த முகமும் இல்லாத கட்டடம். பழைய ஹோட்டல காப்பாத்துன காசு அதுல இருந்துதான் வந்திருக்கும்னு நியாயம் சொல்லலாம். எனக்கு கண்ணு உறுத்துது, அவ்வளவுதான். 1977ல பழைய கட்டடத்துக்கு தேசிய வரலாற்றுச் சின்னம்ங்கிற அந்தஸ்து கெடைச்சுது, அதுக்கப்புறம் இடிக்கிற பேச்சு அடங்கிடுச்சு. லாரன்ஸ் 1996ல செத்துப் போனதும் வந்த ஓனருங்க 2001 வரைக்கும் சுமார் 5.5 கோடி டாலர் செலவுல நிலநடுக்கத்த தாங்குற மாதிரி பலப்படுத்துனாங்க. அந்த வளைகுடா பக்கத்துலயே ரோஸ் கேன்யன் நிலப்பிளவு ஓடுது. மரக்கட்டடம் ஆட்டத்துக்கு வளைஞ்சு குடுக்கும்ங்கிறது உண்மை, ஆனா அஸ்திவாரத்தோட சரியா பிணைச்சிருக்கணும்.

வந்து போனவங்க பத்தி ஒரே பாரா. 1920ல இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட் வந்தாரு, பின்னாடி அவர் அரச பதவியவே விட்டுட்டு கல்யாணம் பண்ணிக்கிட்ட வாலிஸ் சிம்ப்சன இங்கதான் மொதல்ல பாத்தாருன்னு கதை விடுவாங்க, அந்தம்மா அப்ப கொரொனாடோல குடியிருந்தாங்க ஆனா சந்திப்பு நடந்ததுக்கு ஆதாரம் ஒண்ணும் கெடையாது. 1927ல, அட்லாண்டிக்க தனியா பறந்து தாண்டுன விமானி லிண்ட்பெர்க்குக்கு இங்க விருந்து. 1958ல மர்லின் மன்றோ ஷூட்டிங். 1970ல நிக்சன் மெக்சிகோ ஜனாதிபதிக்கு இங்க அரசு விருந்து வச்சாரு. பேயி? 1892 நவம்பர்ல கேட் மோர்கன்னு ஒரு பொண்ணு வேற பேர்ல வந்து ரூம் எடுத்துச்சு, அஞ்சு நாள் கழிச்சு கடல் பக்கம் இருந்த படிக்கட்டுல செத்துக் கெடந்துச்சு. தனியா வந்து தனியா செத்த ஒரு சின்னப் பொண்ணு, அத வச்சு ரூம் வாடகை ஏத்துறது எனக்கு பிடிக்கல.

நார்த் ஐலண்ட் திரும்ப வருது

பாப்காக் ஹோட்டல் நிலத்தோட சேத்து மொத்தமா வாங்குன அந்த நார்த் ஐலண்ட 1917ல அரசாங்கம் விமானப்படைத் தேவைக்காக எடுத்துக்கிச்சு. மேல சொன்ன வாலிஸோட மொதல் புருஷன் ஏர்ல் ஸ்பென்சர்தான் அங்க கடற்படை விமான தளத்தோட மொத கமாண்டர். லிண்ட்பெர்க் அட்லாண்டிக் பயணத்துக்கு சான் டியேகோவுல இருந்து கெளம்புனதும் அந்த மண்ணுல இருந்துதான். இன்னிக்கு அது பெரிய கடற்படை தளம், ஹோட்டலுக்கு ரெண்டு பக்கமும் கடற்படைதான்.

2016ல ஹோட்டல் பிளாக்ஸ்டோன்ங்கிற அமெரிக்க முதலீட்டுக் கம்பெனி கைல இருந்துச்சு. சீனாவோட அன்பாங் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு பெரிய ஹோட்டல் தொகுப்ப மொத்தமா வாங்க வந்துச்சு, அதுல இதுவும் ஒண்ணு. மத்ததெல்லாம் கை மாறுச்சு. டெல் கொரொனாடோ மட்டும் மாறல, பக்கத்துல கடற்படை தளம் இருக்கு, தேசப் பாதுகாப்பு பிரச்சனைன்னு அமெரிக்க அரசுத் தரப்புல இருந்து ஆட்சேபம் வந்து அத பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. சீனத் தொழிலாளி கட்டுன ஹோட்டல சீனக் கம்பெனி வாங்க முடியல, தடுத்தது அதே ஹோட்டலோட அண்ணன் தம்பி நிலம்.

2017ல நடத்துற பொறுப்பு ஹில்டனுக்கு போச்சு. 2019ல ஆரம்பிச்ச பெரிய புதுப்பிப்பு 2025ல முடிஞ்சுது, மொத்தம் சுமார் 55 கோடி டாலர். அதுல பழைய கட்டடத்துல பண்ண வேலை நல்ல வேலைன்னு சொல்லுவேன்: நடுவுல வந்தவங்க மூடி மறைச்சிருந்த முன்வாசல் வராண்டாவ தொறந்து விட்டு, லாபியோட ஓக் மர வேலையையும் வண்ணக் கண்ணாடியையும் பழைய நெலமைக்கு கொண்டு வந்தாங்க. கூடவே சுத்தி இருந்த காலி எடத்துல புதுசு புதுசா கட்டி ரூம் எண்ணிக்கை 900 தாண்டிடுச்சு, அதுல சிலது தனித்தனியா விக்கிற வீடுங்க. கடல பாத்த வீடு, பெரிய ஹோட்டல் பேரோட, வாங்கிக்கங்கன்னு விளம்பரம் பண்ணாங்க. பாப்காக் 1886ல விட்ட ஏலம் இன்னும் முடியலன்னுதான் தோணுது.